விரலை அழுத்திப் பார்த்த டொக்டர்

மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிற மாமா எலிக்காய்ச்சல் முற்றி ஐசியூவில் கிடந்தார். மேல் பிறஷர் 120க்கு வந்ததும், சரி, ஆள் தப்பிவிட்டார் என்று நானும் மாமியும் அப்போதுதான் தேத்தண்ணி குடித்தோம்.

டொக்டரோ மொனிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் விரல் நுனியை 10 செக்கன் அழுத்தி விட்டார். வெளிறிய இடம் 3 செக்கனுக்குள் சிவக்க வேணுமாம், நான் மனசுக்குள் ஐந்து எண்ணியும் சிவக்கவில்லை. முழங்காலைச் சுற்றி வேறு, வலை விரித்த மாதிரி ஊதாத் திட்டுகள்.

பிறஷர் சரியாகியும் விரல் சிவக்காததற்குக் காரணம் குருதி மயிர்க்குழாய்கள். அவை சிவப்பணு ஒன்று நெளிந்து போகிற அளவு ஒடுக்கம். கிருமித் தாக்கத்தில் அவற்றின் உட்சுவர் வீங்கி, நீர் கசிந்து, சின்னச் சின்ன இரத்தக் கட்டிகள் அடைத்து, சில குழாயில் இரத்தம் நின்றுபோகும், பக்கத்துக் குழாயில் மட்டும் ஓடும். வாய்க்கால் நிறையத் தண்ணி, வயலுக்குத் தண்ணி பாயும் வக்கடை அடைபட்டுக் கடைசி வயல் காய்கிறது, அவ்வளவுதான். பிறஷர் வாய்க்காலை மட்டும்தான் காட்டும். அதற்காகச் சேலைனை அள்ளி ஏற்றினாலும் அது கசிந்து உடம்பு ஊதும், நுரையீரலில் நீர் கோக்கும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னமெரிக்காவின் 28 ஐசியூக்களில் 424 நோயாளிகளிடம் இந்த விரல் சோதனையை இரத்த லக்டேற் (உடம்புக்கு ஒட்சிசன் போதாதபோது இரத்தத்தில் கூடுகிற அமிலப் பொருள்) அளவோடு ஒப்பிட்டார்கள். விரலைப் பார்த்து வைத்தியம் செய்த பக்கம் இறப்பு குறைவு, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை. காசில்லாத சோதனைக்கு அதுவே பெரிய விசயம் என்பேன்.

மூன்றாம் நாள் மாமி தானே அழுத்திப் பார்த்தா. உடனே சிவந்தது.