ஓசியா குடுக்கறாங்கன்னா சும்மா இல்ல

விஎஃப்எக்ஸ், அதாவது படத்துக்கு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பண்றத, படிக்கற பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி இது: "அண்ணா, அவ்ளோ பெரிய ஸ்டூடியோ, காசு போட்டு ஆள் வச்சு எழுதின சாஃப்ட்வேர எதுக்குண்ணா சோர்ஸ் கோடோட நெட்ல தூக்கிப் போடறாங்க?" நியாயமான கேள்விதான், இப்படி கோட திறந்து விடறதத்தான் ஓபன் சோர்ஸ்ங்கறாங்க. நம்ம ஊர்ல ஒரு ப்ரீசெட்ட (ரெடியா சேமிச்சு வச்ச செட்டிங்) பக்கத்து சீட்டுக்காரனுக்கு குடுக்கவே யோசிப்பாங்க. அவங்க பெரிய மனசுன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல சுத்தமா நம்பிக்கை இல்ல. இது பக்கா கணக்கு.

ஈஎக்ஸ்ஆர்ங்கற பட ஃபைலையே எடுத்துக்குவோம், கம்ப்போசிட்டிங் (தனித்தனி படங்கள ஒரே ஷாட்டா அடுக்கறது) பண்ற எவனும் தினம் தொடற ஃபைல். இது வர்றதுக்கு முன்னாடி பாதிப் பேரு ஒரு கலர் சேனலுக்கு 8 பிட், அதாவது வெறும் 256 படி இருக்கற ஃபைல்லதான் ஓட்டிட்டு இருந்தாங்க, ஜன்னலுக்கு வெளிய வெயில் அடிக்கற ஷாட்ல எக்ஸ்போஷர கொஞ்சம் இறக்கினா மேகம் தெரியாது, சாம்பல் பூசின மாதிரி ஒரு பட்டை தான் தெரியும், ஏன்னா அங்க இருந்த வெளிச்சத்த ஃபைல் எப்பவோ வெட்டித் தூக்கிப் போட்டிருக்கும். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் (ஐஎல்எம்) கம்பெனி 1999ல இதுக்கு 16 பிட் ஃப்ளோட் நம்பர் (ரொம்ப அதிக வெளிச்சத்தையும் ரொம்ப கம்மியானதையும் எழுதிக்கற தசம நம்பர்) வச்சு புதுசா ஒரு ஃபார்மேட் எழுதுச்சு. ஹாரி பாட்டர் முதல் படத்துலயே வேல செஞ்சு பாத்தாங்க. 2003 ஜனவரில கோட எல்லாருக்கும் திறந்து விட்டுட்டாங்க.

இதுக்கு அப்புறம் நடந்ததத்தான் நான் பசங்க கிட்ட சொல்வேன். 2013ல வந்த ஈஎக்ஸ்ஆர் 2.0 வெர்ஷன்ல டீப் டேட்டா சேந்துச்சு, அதுல இன்னொரு ஸ்டூடியோவான வீட்டா டிஜிட்டல்காரங்க உழைப்பும் இருக்கு. டீப்னா ஒரு பிக்சலுக்குள்ளயே எந்தெந்த தூரத்துல என்னென்ன இருக்குன்னு தனித்தனியா எழுதி வச்சுக்கும், அதனால புகைக்கு நடுவுல ஒரு ஆள நகத்தி வைக்கணும்னா புகைய மறுபடி ரெண்டர் போட (கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு படமாக்க) வேணாம். (ஃபைல் சைஸ் பாத்தீங்கன்னா தலை சுத்தும், அது வேற கதை.) அடுத்த வருஷம் ட்ரீம்வொர்க்ஸ் ஸ்டூடியோ தன்னோட கம்ப்ரஷன் முறைய கொண்டு வந்து சேத்துச்சு, ஃபைல் நல்லாவே சுருங்குச்சு. இப்ப சொல்லுங்க, யாருக்கு லாபம்? ஐஎல்எம் ஒரு தடவ குடுத்துச்சு, அதுக்கப்புறம் போட்டிக்காரன் செலவுல அவங்க ஃபார்மேட் வளந்துட்டே இருக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு, இதுதான் எங்கள மாதிரி சென்னைல உக்காந்து இருக்கறவங்கள நேரா தொடற விஷயம். ஒரு பெரிய படத்த இப்பல்லாம் ஒரே கம்பெனி முழுசா பண்றதில்ல, ஷாட்ட பிரிச்சு லண்டனுக்கு கொஞ்சம் வான்கூவருக்கு கொஞ்சம், ரோட்டோ (ஆள சுத்தி வெட்டி எடுக்கறது), பெயிண்ட் (வேண்டாதத அழிக்கறது), மேட்ச்மூவ் (கேமரா அசைவ பிடிக்கறது) எல்லாம் சென்னை மும்பை ஹைதராபாத்னு வரும், சில சமயம் ரெண்டு வெண்டார் (வேலைய எடுத்துப் பண்ற கம்பெனி) ஒரே ஷாட்ட பங்கு போட்டு பண்ணுவாங்க. அவன் அனுப்பற ஃபைல் இங்க திறக்கணும், அதே கலர்ல தெரியணும். கலருக்கு ஓபன்கலர்ஐஓ (சுருக்கமா ஓசிஐஓ), அது சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ்ல இருந்து 2010ல வந்தது. புகை நெருப்புக்கு ஓபன்விடிபி, 2012ல ட்ரீம்வொர்க்ஸ் திறந்து விட்டது, புகை எங்க இருக்கோ அந்த இடத்த மட்டும் மெமரில வச்சுக்கும், காலி இடத்துக்கு ஒண்ணும் செலவு பண்ணாது, அதனாலதான் ஹூடினில இருந்து ப்ளெண்டர் வரைக்கும் 3டி சாஃப்ட்வேர்க்காரங்க எல்லாரும் அத எடுத்துக்கிட்டாங்க. முழு சீனையே கை மாத்தறதுக்கு யுஎஸ்டி, 2016ல பிக்சார் குடுத்தது.

எத குடுக்கல, அதையும் பாக்கணும். அவங்க கேரக்டர் ரிக் (உருவத்த ஆட்டி அசைக்கற எலும்புக்கூடு மாதிரி செட்டப்), அந்த ஷாட்டோட செட்டப், உள்ளுக்குள்ள ஓடற பைப்லைன் (வேல ஒரு கட்டத்துல இருந்து அடுத்ததுக்கு போற ஏற்பாடு) இதெல்லாம் வெளிய வராது. கொழுக்கட்டை அச்சு ஊருக்கே பொது, பூரணம் அவங்கவங்க வீட்டு விஷயம். லைசென்ஸும் யோசிச்சுத்தான் போடுவாங்க, ஸ்டூடியோல இருந்து வர்றது பெரும்பாலும் பிஎஸ்டி இல்லாட்டி அப்பாச்சி மாதிரி லேசான லைசென்ஸா (எடுத்து யூஸ் பண்றவன் தன்னோட கோட திறந்து காட்ட வேணாம்) இருக்கும், ஏன்னா நியூக், மாயா மாதிரி காசுக்கு விக்கற சாஃப்ட்வேர்க்காரனும் அத எடுத்து உள்ள வச்சுக்கணும், அப்பதான் இவங்களுக்கு வேல சுலபம். அதனால ஓபன் சோர்ஸ் ஓபன் சோர்ஸ்னு சொன்னாலும் நம்ம டேபிள்ல இருக்கற மெயின் சாஃப்ட்வேருக்கு வருஷா வருஷம் பில்லு வந்துட்டேதான் இருக்கு.

ஆள் எடுக்கற விஷயத்துலயும் இது உதவும். சொந்தமா எழுதின டூல்ல மட்டுமே கை பழகின ஆள், அந்த கம்பெனி படுத்துட்டா என்ன பண்ணுவான்? ரிதம் அண்ட் ஹ்யூஸ்ங்கற விஎஃப்எக்ஸ் கம்பெனி 2013 பிப்ரவரில திவால் மனு போட்டுச்சு, அதே மாசம் லைஃப் ஆஃப் பைக்கு விஎஃப்எக்ஸ் ஆஸ்கார் வாங்குச்சு (நம்ம பாண்டிச்சேரிலயும் ஷூட் பண்ண படம்தான்). அனிமேஷனுக்கு அவங்களோட வூடூன்னு சொந்த சாஃப்ட்வேர் வச்சிருந்தாங்க, வெளிய எங்கயும் அது கிடையாது. 2025 பிப்ரவரில விஎஃப்எக்ஸ் கம்பெனி டெக்னிகலர் சரிஞ்சப்ப பெங்களூர்ல ஆயிரக்கணக்கான பேரு திடீர்னு நடுத்தெருவுல நின்னாங்க. அந்த மாதிரி நேரத்துல யுஎஸ்டி தெரியும், ஓசிஐஓ கான்ஃபிக் (கலர் செட்டிங் ஃபைல்) எழுதுவேன்னு சொல்றவனுக்கு அடுத்த கம்பெனி கதவாவது திறக்கும். வேல கிடைக்கும்னு சொல்லல, இண்டர்வியூல பேச விஷயம் இருக்கும்.

2018ல ஆஸ்கார் குடுக்கற அகாடமியும் லினக்ஸ் ஃபவுண்டேஷனும் சேந்து இந்த மாதிரி கோடெல்லாம் பாத்துக்க அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்னு ஆரம்பிச்சாங்க. காரணம் ரொம்ப சாதாரணமானது. எழுதின ஆள் கம்பெனி மாறிட்டா அந்த கோட பாத்துக்க ஆள் இல்ல, ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொரு லைப்ரரி வெர்ஷன் கேக்கும், நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது இதெல்லாம் ஓட வைக்கற பைப்லைன் டிடி (டெக்னிகல் டைரக்டர்). ஓபன் சோர்ஸ்னா தலைவலி இல்லன்னு யாராவது சொன்னா சென்ட்ஓஎஸ் (ஓசியா கிடைச்ச லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) கதைய கேக்கச் சொல்லுங்க. நிறைய ஸ்டூடியோ அத நம்பித்தான் மொத்த ஃப்ளோரையும் ஓட்டுச்சு, 2020 டிசம்பர்ல 8ஆவது வெர்ஷன அடுத்த வருஷத்தோட நிறுத்தறோம்னு அது பின்னாடி இருந்த ரெட்ஹாட் கம்பெனி சொல்லிருச்சு, 7ஐ இழுத்துப் பிடிச்சு 2024 ஜூன் வரைக்கும் தள்ளிட்டு எல்லாரும் ராக்கி, ஆல்மான்னு வேற லினக்ஸுக்கு மாறினாங்க.

ப்ளெண்டர் வந்த வழி வேற. நெதர்லாந்துல அத எழுதின டான் ரோசண்டால் நடத்தின கம்பெனி 2002ல மூடினப்ப, முதலீடு போட்டவங்க 1,00,000 யூரோ குடுத்தா கோட விட்டுத் தர்றோம்னாங்க, யூஸ் பண்ணவங்களே ஏழு வாரத்துல அந்தப் பணத்த சேத்துட்டாங்க. லைசென்ஸும் ஜிபிஎல், மாத்தி வெளிய விட்டா கோடும் குடுத்தே ஆகணும். ரொம்ப நாள் அத பொழுதுபோக்கு சாஃப்ட்வேர்னு எங்க ஆளுங்க கிண்டல் பண்ணாங்க. 2025 மார்ச்ல லாட்வியால இருந்து வந்த ஃப்ளோ அனிமேஷன் ஆஸ்கார் வாங்குச்சு, வசனமே இல்லாத பூனைப் படம், கிட்டத்தட்ட 35 லட்சம் யூரோ பட்ஜெட், முழுக்க ப்ளெண்டர், ரெண்டர் போட்டது ப்ளெண்டருக்குள்ளயே இருக்கற ஈவீல. எல்லாரும் இத ஓபன் சோர்ஸ் ஹாலிவுட்ட ஜெயிச்ச கதையா எழுதினாங்க. ஆனா போட்டில தோத்த தி வைல்ட் ரோபோவ ரெண்டர் பண்ணது ட்ரீம்வொர்க்ஸோட சொந்த ரெண்டர் சாஃப்ட்வேர் மூன்ரேல, அவங்க அதையும் 2023லயே ஓபன் சோர்ஸ் ஆக்கிட்டாங்க, அத யாரும் பெருசா எழுதல.

படம் முடிஞ்சு ஃபோனுக்கு வர்ற வழியிலயும் இதே கணக்குதான். ஹெச்இவிசி வீடியோ ஃபார்மேட்டுக்கு ஒண்ணுக்கு மேல பேட்டன்ட் கூட்டணி வந்து தனித்தனியா ராயல்டி கேக்க ஆரம்பிச்சதும், கூகுள், நெட்ஃப்ளிக்ஸ், அமேசான், மைக்ரோசாஃப்ட் எல்லாம், அதாவது ஒருத்தன ஒருத்தன் முழுங்கப் பாக்கறவங்க, 2015ல ஒண்ணா உக்காந்து 2018ல ராயல்டி இல்லாத ஏவி1ங்கற வீடியோ ஃபார்மேட்ட கொண்டு வந்தாங்க. அத ஃபோன்ல வேகமா திறக்கற டேவிட் (dav1d) டீகோடர் விஎல்சி வீடியோ ப்ளேயர் காரங்க பக்கத்துல இருந்து வந்தது. அதே விஎல்சியோட வெப்சைட்ட 2022ல இந்தியால மாசக்கணக்கா ப்ளாக் பண்ணி வச்சிருந்தாங்க, நவம்பர்லதான் திறந்துச்சு!

பசங்க அடுத்து கேக்கறது, "அப்ப இந்த கோட்ல நம்ம ஊர் ஆளுங்க பேரு ஏன்ணா அதிகம் இல்ல?" திறமை இல்லாம இல்ல. நமக்கு வர்றது ஷாட் கணக்கு வேல, இன்னைக்கு இத்தன ஃப்ரேம் முடிக்கணும், அதுக்கு நடுவுல லைப்ரரில ஒரு பக் ஃபிக்ஸ் பண்ண எந்த ப்ரொட்யூசரும் மேன்டே (ஒரு ஆளோட ஒரு நாள் வேல நேரம்) குடுக்க மாட்டான். அகாடமி ஃபவுண்டேஷன் ப்ராஜெக்ட் மீட்டிங்கெல்லாம் யார் வேணா உள்ள போய் கேக்கலாம், திறந்தே தான் இருக்கு, ஆனா கலிஃபோர்னியால மதியம் 1 மணின்னா நமக்கு நடுராத்திரி தாண்டிடும், மறுநாள் காலைல 10 மணிக்கு டெய்லிஸ் (பண்ண ஷாட்ட போட்டுப் பாக்கற மீட்டிங்).