இரண்டாவது இரத்த மாதிரி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை வந்த காலத்தில் வளர்ந்தவன் நான். இன்று அதே வட்டாரத்தில் மருத்துவராக இருக்கிறேன். ஆண்டுதோறும் சில வாரங்கள் என்னிடம் வரும் மருத்துவ மாணவர்களுக்குத் தொற்றுநோய் ஆய்வில் அடிப்படைப் பயிற்சி அளிக்கிறேன். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களின் வகைகளை அவர்கள் மனப்பாடமாக அறிவார்கள். ஆனால் இரத்தத்தில் காணும் ஓர் எதிர்ப்பொருள் இன்றைய நோயைச் சொல்கிறதா, பழங்கதையைச் சொல்கிறதா என்று ஒரு நோயாளியை எதிரில் வைத்து யோசித்தவர்கள் அரிது. ஆய்வுப் பயிற்சி அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பகுதியில் இதற்கு எலிக்காய்ச்சலைவிட நல்ல பாடம் இல்லை. செம்பனைப் பழத்தைத் தின்ன எலிகள் வரும்; அவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிடந்து, மட்டை முள் கிழித்த கால் வழியே உடலுக்குள் புகும். காய்ச்சலின் முதல் சில நாள்களில் கிருமி இரத்தத்தில் இருக்கும், எதிர்ப்பொருள் பெரும்பாலும் தோன்றியிருக்காது. தோன்றிய பிறகோ அது மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில்கூட நிலைத்திருக்கும். ஆகவே காய்ச்சலோடு வந்த அன்று ஒரு மாதிரியும், இரண்டு வாரம் கழித்து மற்றொன்றும் எடுத்து ஒப்பிட வேண்டும். இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தை இரட்டிப்பு இரட்டிப்பாக நீர்க்கச் செய்து, உயிருள்ள கிருமிகளோடு கலந்து, எந்த அளவு வரை அவற்றில் பாதியாவது ஒட்டித் திரள்கின்றன என்று கரிய பின்புலத்தில் கிருமிகளை ஒளிரக் காட்டும் இருட்புல நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இரண்டாவது மாதிரியில் அந்த அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால், இப்போதைய தொற்று உறுதியாகும்.

இது வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல என்பதற்காக, 1998இல் பக்கத்துக் கிந்தா வட்டாரத்தில் நடந்ததை மாணவர்களுக்குச் சொல்வேன். பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் மூளைக்காய்ச்சலில் விழுந்தபோது, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. சிலருடைய இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இருந்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள், வழக்கமாகப் பிள்ளைகளைத் தாக்கும் அந்த நோய், இம்முறை பன்றிகளோடு புழங்கிய வளர்ந்த ஆண்களையே பெரும்பாலும் பிடித்தது, பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரியல் பயிற்சியில் இருந்த மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரை ஆய்வகச் செல்களில் இட்டபோது, அவை ஒன்றோடொன்று கலந்து பெருஞ்செல்களாவதைக் கண்டார். அதுதான் நிப்பா நச்சுயிரி. மலேசியாவில் 265 பேரைப் பிடித்து, 105 பேரின் உயிரைக் குடித்த கிருமி. கண்டவர் அப்போது பயிற்சியில் இருந்தவர் என்பதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

இரண்டாவது மாதிரி வாங்குவதுதான் கடினம். காய்ச்சல் விட்டதும் மக்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு குழாய் இரத்தத்துக்காக ஒரு நாள் கூலியை யார் இழப்பார்? சென்ற ஆண்டு வந்த மாணவி ஒருத்தியை, ஐஸ் பெட்டியோடு, மாலை ஆறு மணிக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்து வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். உதிர்ந்த பழம் பொறுக்கும் அந்த அம்மாள் கையை உடனே நீட்டவில்லை. "ஏம்மா, முன்னேயும் இப்படித்தான் வந்து எடுத்துட்டுப் போனாங்க. என்ன இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல. நீயாவது வந்து சொல்லுவியா?"

அவர் சொன்னது உண்மை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு லயம் லயமாக இரத்தம் எடுத்தது. என் தாயாரும் கை நீட்டினார். முடிவு இன்றுவரை வரவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது, அந்தப் பழக்கத்தின் மீது எனக்கு ஆறாத கோபம் உண்டு. ஏமாந்த வீட்டில் இரண்டாவது மாதிரி கிடைக்காது. அது இல்லாமல் ஆய்வும் நிலைக்காது. மாணவி, "நானே வந்து சொல்றேன் ஆன்ட்டி" என்றாள்.

முதல் மாதிரியில் சீரத்தை நூறு மடங்கு நீர்த்த நிலை வரை (1:100) கிருமிகள் திரண்டன, இரண்டாவதில் எண்ணூறு மடங்கு வரை (1:800). எண்களின் பொருளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவள் மறுபடி போனாள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பூட்ஸ் போடுவேன்தான். மழையில உள்ளே தண்ணி ஏறிக் கனக்கும், கழட்டி வெச்சிட்டு வெறுங்காலோட பொறுக்குவேன்" என்றார். மாணவியின் ஆய்வு வினாப்படிவத்தில் 'பாதுகாப்புக் காலணி அணிகிறீர்களா?' என்ற கேள்விக்கு அவர் பெயருக்கு நேரே 'ஆம்' என்று குறித்திருந்தது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்க்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அவளுடைய பயிற்சி முடிய இரண்டு நாள்களே இருந்தன. அன்றிரவே அமர்ந்து, 'எப்போது கழற்றுவீர்கள்?' என்ற கேள்வியைச் சேர்க்கும் திருத்த விண்ணப்பத்தை, அடுத்து வரும் மாணவர்களுக்காக எழுதி முடித்தாள்.