ஐந்து ரூபாய் டிக்கெட்டில் இராயபுரம்: வடசென்னையில் ஒரு பகல்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மெரினா, மயிலாப்பூர், தியாகராய நகர் என்று தெற்கே திரும்பிவிடுகிறார்கள். தென்னிந்தியாவின் ரயிலும் பெருந்தொழிலும் வேர்விட்ட வடசென்னையை எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இது பெரிய அநியாயம் என்பதே இந்தப் பயணத்தில் நான் கண்டது.

சென்ட்ரல் வாசலில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இராயபுரத்துக்கு 350 ரூபாய் கேட்டார். நான்கைந்து கிலோமீட்டருக்கு இது பகல் கொள்ளை. பேரம் பேசியும் 300-க்குக் கீழே அவர் இறங்கி வரவில்லை. அந்தப் பணம் எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. எரிச்சலோடு சாலையைக் கடந்து பார்க் நிலையத்துக்குச் சென்று, ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து, கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினேன். அடுத்த நிறுத்தமே இராயபுரம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தயவுசெய்து இந்த வழியிலேயே போங்கள்.

நிலையத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்ததும் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. சிவப்பும் வெள்ளையுமாக, வரிசையாக நிற்கும் உயரமான தூண்களுடன், ரயில் நிலையம் என்பதைவிட ஒரு மாளிகை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஒரு தூணின் அடியில் வண்ணப்பூச்சு உரிந்திருந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து பூச்சுகளின் விளிம்புகள் தெரிந்தன. அதில் விரல் வைத்துப் பார்த்தபோது உடல் சிலிர்த்தது. 1856 ஜூன் மாத இறுதியில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நிலையம் இது. ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. பெட்டிகளைக் கட்டியது சென்னையின் சிம்சன் நிறுவனம். பம்பாயில் 1853-இலும் ஹவுராவில் 1854-இலும் ரயில் ஓடிவிட்டது என்றாலும், அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. இராயபுரம் மட்டும் நிற்கிறது. இதற்கும் முன்பே, 1837-இல், சாலை போடக் கல் ஏற்றி வருவதற்காகச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குத் தண்டவாளம் போட்ட ஊர் சென்னை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிலையம் ஏன் இங்கே அமைந்தது என்பதற்கு விடை, பக்கத்தில் நடந்தாலே கிடைத்துவிடுகிறது. ஜார்ஜ் டவுன் வணிகர்களின் கிடங்குகள் தெற்கே, கடல் கிழக்கே. உள்நாட்டுச் சரக்கு ரயிலில் வந்து குவிந்தபோது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டித்தான் மூட்டைகளைக் கொண்டுபோனார்கள். 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் வேலை முடியும் தறுவாயில் புயல் அடித்துச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். அந்தச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்று விரிந்தது, வடக்கே இராயபுரத்தின் கரையைக் கடல் அரித்தது. மெரினாவில் காலாற நடக்கிறவர்கள், அதற்கான விலையைக் கொடுத்த இந்தக் கரையை ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டாமா?

மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. கடற்கரை நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ விற்கிறார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்து, வாழைத்தண்டு சூப்பையும் ஊற்றிக் கொடுத்தார். கேட்கக் கேட்க சூப் தந்தார், அதற்குத் தனிக் காசு இல்லை. நூறு ரூபாய்க்குள் வயிறு நிறைந்தது. இந்த நகரத்தில் இதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு பெரம்பூர். ரயில்வே பணிமனைகள் வந்த இதே பகுதியில்தான் 1870-களில் பக்கிங்காம் ஆலையும் தொடர்ந்து கர்நாடிக் ஆலையும் எழுந்தன. பின்னி நிறுவனம் நடத்திய இவ்விரண்டும் மக்கள் வாயில் பின்னி மில். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்ற தொழிலாளர்களின் குறையைச் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அன்னி பெசன்டின் தோழர் பி.பி. வாடியாவிடம் கொண்டுசென்றார்கள், அதிலிருந்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதன் துணைத்தலைவர். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது; தொழிலாளர்கள் சாதி வழியே பிளவுபட்டனர், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின. ஆலை 1996-இல் மூடப்பட்டு, இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. இவ்வளவு பெரிய வரலாறு நடந்த மண்ணில் நடக்கிறோம் என்ற எண்ணம் எனக்குக் கோபத்தையும் பெருமையையும் ஒருசேரக் கொடுத்தது.

நேரம் இருப்பவர்கள் ஐ.சி.எஃப். எனப்படும் ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய நீராவி இன்ஜின்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் வண்டிகள் குறைவு என்பதால் வேலை நாளில், வெயில் ஏறும் முன்பே இராயபுரத்தை முடித்துக்கொள்வது நல்லது.