ஒரு சாண் தண்ணீர்

கணக்கு சார் தவறிவிட்டார் என்ற செய்தி எங்கள் பழைய மாணவர் குழுவில் வந்த அன்றே, அவர் பெயரில் பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கித் தரலாம் என்று பேச்சு கிளம்பியது. இரவுக்குள் பணமும் சேர ஆரம்பித்துவிட்டது. சார் இருந்திருந்தால், "எது நடந்தா வேலை முடிஞ்சதுன்னு ஒத்துக்குவீங்க? முதல்ல அத எழுதுங்கடா" என்றிருப்பார்.

கோடை முகாமில் வாய்க்கால் தூர்வாரிய பேட்சுக்கு அந்தக் குரல் மறக்காது. 600 அடி நீளம், 6 அடி அகலம், ஒரு அடி வண்டல். ஆக 3,600 கன அடி. ஆளுக்கு நாளைக்கு 15 கன அடி, 40 பேர், ஆறு நாள். புங்கமரத்தடியில் இந்தக் கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. எது நடந்தால் வேலை முடிந்தது என்ற அடுத்த கேள்விக்குத்தான் ஒரு சாயங்காலமே போனது. காட்டாமணக்கு கண்ணில் படக்கூடாது என்றோம் நாங்கள். (தண்டை வெட்டினால் மறுபடி தழையும், வேரோடு பிடுங்கி வெயிலில் காயப்போட வேண்டும்.) ஊர்த் தலைவருக்குப் போட்டோ, பள்ளிக்குச் சான்றிதழ். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எம் மடையில ஒரு சாண் தண்ணி நிக்கணும் தம்பி" என்றார். சார் அதை மட்டும் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவரும் அந்தக் கடைமடைக்காரரே என்று கீழே ஒரு வரி.

ஆறாம் நாள் வாய்க்கால் சீவிவிட்ட மாதிரி இருந்தது. பரோட்டாவுக்குச் சொல்லியாயிற்று. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 ஆகும் என்பதால் சார் தலைமடை போர்செட்டை ஓட்டச் சொன்னார். தண்ணீர் குழாய்ப்பாலத்தோடு நின்றுவிட்டது. பாலத்துக்கு அடியில் அரையடி மேடு. குனிந்து வெட்ட யாருக்கும் மனசில்லை. கரையோரமே கொட்டிய சேறு வேறு சரிந்து உள்ளே இறங்கியிருந்தது. தலைவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலால் மட்டம் பார்த்து 50 அடிக்கு ஒரு முளை அடிக்க வைத்தார்.

இயந்திரத்துக்கும் அதே மாதிரி எழுதிக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். திறப்பு விழா அன்று தண்ணீர் வருவது போட்டோவுக்குச் சரி. நம் பக்கம் நிலத்தடி நீர் உப்பு. வெளியே வருகிற தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்று எழுதுவோம். மதிய இடைவேளைக்குள் கடைசிப் பிள்ளையும் பாட்டில் நிரப்பிக்கொள்கிற அளவுக்குக் குழாய்கள். உப்பைப் பிரிக்கிற சவ்வான மெம்பரேனை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டி வரும், பில்டரை அதற்கு முன்பே. அந்தச் செலவும் கரண்டு பில்லும் யார் தலையில்? கழிவுநீர் எந்தப் பக்கம் போகும்? மூன்றாம் வருஷம் பள்ளி திறக்கிற அன்று தண்ணீர் வருகிறதா என்பதை ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லட்டும்.

வெளிநாடு கிளம்புமுன் சொல்லிக்கொள்ளப் போனவர்களிடமும் சார் அதே கேள்வியைத்தான் கேட்டார். "அஞ்சு வருஷம் சார், ஒரு வீடு, அப்புறம் ஊருக்கே வந்துடுவேன்" என்று எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னோம். அதை மட்டும் ஏனோ அவர் எழுதி வாங்கவில்லை.