பைண்டிங் பட்டறை

சான்பிரான்சிஸ்கோவில் 1996 முதல் இயங்கும் 'சென்டர் ஃபார் தி புக்' என்ற புத்தகக் கலை மையம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பயிற்சி முடித்தவர்கள் அங்கே மேசையையும் கருவிகளையும் வாடகைக்கு எடுத்துக் கையாலேயே பைண்டிங் செய்யலாம். ஊசியும் மெழுகு தடவிய நூலும் வீட்டிலேயே இருக்கின்றன. கனத்த அட்டையை ஒரே அழுத்தில் நேராக வெட்டும் அந்த நீளக் கத்தி மேசையை அபார்ட்மென்ட்டில் எங்கே வைப்பது?

வெட்டும் முன் அட்டையை இரண்டு கைகளாலும் லேசாக வளைத்துப் பார்ப்பேன். மடிப்பு எந்தத் திசையில் எளிதாக விழுகிறதோ, அதுதான் அட்டைக்குள் காகித இழை ஓடும் திசை. அது புத்தகத்தின் முதுகுக்கு, அதாவது தாள்களைத் தைக்கும் ஓரத்துக்கு, இணையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசை காயும்போது அட்டை முறுக்கிக்கொள்ளும், திறந்து மூடுவதும் சிரமம்.

இப்போது அம்மாவின் சமையல் குறிப்புகளைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். தையல் முடிந்ததும் முதுகுக்குப் பசை, மேலே காலிகோ துணி.