ஹெட்செட்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி

கிண்டியில் உள்ள எங்கள் டிஜிட்டல் தடயவியல் லேபுக்கு வருபவை பெரும்பாலும் போனும் லேப்டாப்பும்தான். அந்தப் பெண் தன் வழக்கறிஞரோடு வந்து மேசைமேல் வைத்தது ஒரு விஆர் ஹெட்செட்; கண்மேல் மாட்டிக்கொண்டால் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகுக்குள் நிற்பதுபோல் காட்டும் கருவி. மெய்நிகர் அரங்கு ஒன்றில் நான்கைந்து அவதார்கள், அதாவது மற்றப் பயனர்களின் கணினி உருவங்கள், அவரைச் சுவரோரம் மடக்கி அத்துமீறியிருக்கிறார்கள்.

"கழற்றி வைத்திருக்கலாமே" என்று புகார் கொடுக்கப் போன இடத்தில் கேட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நிற்கையில் ஒரு கை நெஞ்சை நோக்கி வந்தால் உடம்பு தானாகவே பதறிப் பின்வாங்கும். சட்டத்துக்கும் அந்தக் கேள்வி தேவையில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு, பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கிலான சொல்லையும் சைகையையும் குற்றம் என்கிறது. தொட்டிருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

சிக்கல் தடயத்தில்தான். மெட்டா குவெஸ்ட் போன்ற கருவிகள் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டவை. எந்த ஆப் எப்போது ஓடியது என்பது வரை கிடைக்கலாம். எதிரே நின்றவர் என்ன செய்தார் என்பது பெரும்பாலும் கிடைக்காது. மெட்டாவின் மெய்நிகர் தளமான ஹொரைசன் வேர்ல்ட்ஸில் கடைசிச் சில நிமிடங்கள் ஹெட்செட்டிலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்; உடனே புகார் அனுப்பினால் அது நிறுவனத்துக்குப் போகும், இல்லாவிட்டால் அழிந்துவிடும். கழற்றி எறிந்துவிட்டு அழுபவருக்கு அது கைக்கு எட்டாது. இந்தப் பெண் போயிருந்த தளத்தில் அந்த வசதியும் இல்லை.

நல்லவேளை, அங்கேயே இருந்த தோழி தன் திரையைப் பதிவு செய்திருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், கருவியையே கொண்டு வாருங்கள் என்றேன். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணும், மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின்படி, மின்னணுப் பதிவோடு தரவேண்டிய 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் அந்த மதிப்பைக் குறிப்பிட்டாக வேண்டும். பதிவை ஓட்டிப் பார்த்தோம். குரல்கள் தெளிவு, தலைகளுக்கு மேல் பயனர் பெயர்கள் மிதந்தன.

பெயர் போலி என்றால்? 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 50,000-க்கும் மேற்பட்ட விஆர் பயனர்களிடையே, தலை, கை அசைவுகளின் 100 விநாடித் தரவை மட்டும் வைத்து 94 சதவீதத்துக்கு மேல் சரியாக ஆளை அடையாளம் கண்டார்கள். விசாரணைக்கு அது நல்ல துப்பு. ஆனால் நூற்றில் ஐந்தாறு பேரைத் தவறவிடும் முறையை மட்டுமே நம்பி ஒருவரைக் கூண்டில் ஏற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்போதைக்கு, அந்தப் பயனர் பெயர்களின் ஐபி (இணைய முகவரி) விவரம் கேட்டு விசாரணை அதிகாரி அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார்.