பவர் ஸ்டீயரிங் ஃபியூஸ்: ஓம் காட்டாததை வோல்ட் காட்டியது

வண்டியை நிறுத்தத் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் திடீரெனக் கனத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். இக்னிஷனை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் இலகுவாகிவிடும். மோட்டாரோடு ஸ்டீயரிங் தண்டுப் பகுதி (column) முழுவதையும் மாற்றச் சொன்னது ஒரு பணிமனை. எதையும் மாற்றாமலேயே இப்போது கோளாறு தீர்ந்திருக்கிறது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

இந்த மின் ஸ்டீயரிங்குக்கு இரண்டு ஃபியூஸ்கள். டாஷ்போர்டின் கீழிருக்கும் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியை எழுப்புவதற்கானது. அது உருகியிருந்தால் திருப்புவதற்கு மோட்டார் தரும் உதவி அடியோடு நின்றிருக்குமே தவிர, இப்படி வந்து வந்து போகாது. ஆகவே சந்தேகம் முழுவதும் பானெட்டுக்குள், மோட்டாருக்கு மின்சாரம் தரும் போல்ட்டால் இறுக்கப்படும் 60 ஆம்பியர் ஃபியூஸின் மீதே விழுந்தது.

கழற்றி ஓம் அளவில் பார்த்தால் அது நன்றாகவே இருந்தது. பலரும் அத்துடன் ஃபியூஸை மறந்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருக்கும்போது, போல்ட் இணைப்பில் ஒளிந்திருக்கும் 20 மில்லி ஓம் அதில் தெரியவே தெரியாது. ஆனால் 50 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு தடை 1 வோல்ட்டை விழுங்கி, 50 வாட் வெப்பமாக மாற்றுகிறது.

எனவே ஃபியூஸை மாட்டிய நிலையிலேயே, எஞ்சினை ஓடவிட்டு, மைத்துனரை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டர் முனைகளை வைத்து வோல்ட் இழப்பை அளந்தேன். ஃபியூஸின் இரு முனைகளுக்கிடையே 50 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. வெளிச்செல்லும் வயரின் லக்குக்கும் (நுனியில் உள்ள உலோக வளையம்) ஃபியூஸுக்கும் இடையிலோ 0.9 வோல்ட்டில் தொடங்கி, சூடேற ஏற 3 வோல்ட்டைத் தாண்டியது! ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, பேட்டரியே 12 வோல்ட்டை ஒட்டி இறங்கும் வேளையில் இந்த இழப்பும் சேர்ந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி உதவியை நிறுத்திக்கொள்வதில் வியப்பில்லை.

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். லக்கின் அடியில் பச்சை பூத்திருந்தது, போல்ட்டும் தளர்ந்திருந்தது. நைஸ் எமரித்தாளும் காண்டாக்ட் கிளீனரும் கொண்டு சுத்தம் செய்து, சர்வீஸ் கையேட்டில் உள்ள முறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கியபின் இழப்பு 0.03 வோல்ட்.

வெப்பம் பட்ட அந்த ஃபியூஸை நம்பி ஓட்ட மனமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அதே 60 ஆம்பியர் அசல் ஃபியூஸைத் தேடப் போகிறேன். விலை குறைந்த, அளவு முத்திரை தெளிவில்லாத ஃபியூஸ்களை இந்த இடத்தில் போடவே கூடாது. 80 ஆம்பியர் போட்டுச் சமாளிப்பது வயரிங்கை எரிக்கும் வேலை. ஸ்டீயரிங், பிரேக் போன்ற சேஸிஸ் பகுதிகளின் பிழைக் குறியீடுகளையும் படிக்கும் ஸ்கேனர் ஒன்றும் வாங்க வேண்டும். என்னிடமுள்ள மலிவான கருவி எஞ்சின் குறியீடுகளோடு நின்றுவிடுகிறது.

எர்த் பக்கம் இன்னும் அளக்கவில்லை. மோட்டாரின் எர்த் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதையும் பிரித்துச் சுத்தம் செய்வேன்.